ஒலிவாங்கியைக் கொடுத்தவர்

2018 நவம்பர் 2ஆம் திகதி ரொறன்ரோ றோய் தொம்சன் மண்டபத்தில் நடந்த மங்க் விவாதத்தை நான் பிறகு காணொளியில்தான் பார்த்தேன். டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் ஒரு பக்கம், டேவிட் ஃப்ரம் மறுபக்கம். மேற்குலக அரசியலின் எதிர்காலம் யாருக்கு, வெகுசனவாதத்துக்கா தாராளவாதத்துக்கா என்பது தலைப்பு. வெளியே எதிர்ப்பாளர்கள் திரண்டு நின்றார்கள். பொலிசார் பன்னிரண்டு பேரைக் கைதுசெய்தார்கள். முடிவில், பானன் பெரும்பான்மையினரைத் தன் பக்கம் இழுத்துவிட்டார் என்று அறிவித்தார்கள். பிறகு அது தொழில்நுட்பத் தவறு என்றார்கள். உண்மையான கணக்கு: விவாதத்துக்கு முன் 28க்கு 72, பின்னும் 28க்கு 72.

வெறுப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அது தானாகத் தோற்கும் என்கிறது ஒரு தரப்பு. மேடை கொடுத்தால் பரவும் என்கிறது மற்றது. அந்த இரவு இரண்டுக்கும் சாட்சி சொல்லவில்லை. இரு தரப்பும் கேட்பவரின் மனதைப் பற்றியே கவலைப்படுகின்றன. யாரைப் பற்றிப் பேசப்படுகிறதோ அவரை இரண்டுமே மறந்துவிடுகின்றன. 2017இல் ஏழு முஸ்லிம் பெரும்பான்மை நாட்டவருக்கு விதிக்கப்பட்ட பயணத் தடையில் பானனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தடையால் விமான நிலையங்களில் அந்தரித்தவர்களில் ஒருவரும் மேடையில் இல்லை.

சட்டத்திடம் போனாலும் இலகுவான பதில் கிடைக்காது. 1990இல் கீக்ஸ்ட்ரா வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் வெறுப்புப் பிரசாரத் தடை செல்லும் என்றது. 1992இல், ரொறன்ரோவிலிருந்து யூத இன அழிப்பை மறுத்து நூல் வெளியிட்ட ஸுண்டலின் வழக்கில், பொய்ச்செய்திச் சட்டம் செல்லாது என்றது. இரண்டு தீர்ப்பும் நாலுக்கு மூன்று.

எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. இதே நகரத்தில் 1994இல் தேடகம் நூலகம் எரிக்கப்பட்டது. 'துரோகி' என்ற ஒரு சொல் எத்தனை வாய்களை அடைத்தது என்று அறிந்தவர்கள், ஒருவரைப் பார்த்து 'பேச விடாதே' என்று சொல்லக் கூசுவார்கள். நானும் கூசினேன்.

சில வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு நூல் வெளியீடு. நான் தலைமை. பேச வந்த ஒருவர் நூலை விட்டுவிட்டு, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது செய்ய வேண்டிய வேலைதான் என்றார். காட்டிக்கொடுக்கிற சனம் என்றும் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். நான் ஒலிவாங்கியை வாங்கி, "நன்றி, அடுத்ததாக..." என்றேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். அவர் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர்.

இரவு தொலைபேசி எடுத்தேன். "தம்பி, அவர் பேசினதுக்கு நான் எழும்பேல்லை. அது கேட்டுப் பழகினதுதான். நீங்கள் நன்றி சொன்னதுக்குத்தான் எழும்பினனான்" என்றார்.

அந்த வசனத்துக்குப் பிறகு 'பேச விடலாமா' என்ற கேள்வி எனக்குச் சிறுத்துப்போனது. பொது நூலகம் எல்லாருடைய வரிப்பணத்திலும் நடப்பது. யாருக்கு மண்டபம், யாருக்கு இல்லை என்பதை அது எழுதிவைத்த விதிப்படியே தீர்மானிக்க வேண்டும். ஸுண்டலின் வழக்குகளில் பணியாற்றிய ஒரு வழக்கறிஞருக்கு 2017இல் ரிச்வியூ நூலகத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. எதிர்ப்பு எழுந்தபின், அந்த வருடக் கடைசியில் ரொறன்ரோ பொது நூலகம் மண்டப விதிகளைத் திருத்தியது. எங்கள் இலக்கியக் கூட்டம் அப்படியானதல்ல. நாங்கள் பெயர்களைத் தேர்ந்தெடுக்கிறோம், அழைப்பிதழில் போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். தேர்ந்தெடுத்தவருக்குப் பொறுப்பும் உண்டு. ஒருவரை அழைக்காமல் விடுவது அவரது வாயைப் பொத்துவதாகாது. அவருக்கு வானொலி இருக்கிறது, முகநூல் இருக்கிறது, அவருடைய கதவில் யாரும் நெருப்பு வைக்கப் போவதில்லை. அழைப்பை மறுப்பதையும் நூலகத்தை எரிப்பதையும் ஒரே தராசில் வைத்ததுதான் என் பிழை.

அழைத்த பிறகு எதிர்பாராமல் அப்படி ஒருவர் பேசிவிட்டால்? அவரை இழுத்து இறக்க வேண்டியதில்லை. தலைமை தாங்குபவர் அந்த இடத்திலேயே, அந்த ஒலிவாங்கியிலேயே, "இது பொய், இதை நாங்கள் ஏற்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் நிகழ்ச்சி நிரலுக்காக மிச்சம் பிடித்தேன்.

கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்றியதாக அன்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தப் பேச்சாளர் இப்போதும் எங்கள் கூட்டங்களுக்கு வருகிறார். அந்த அக்கா வருவதில்லை.