விலைச்சீட்டு எனும் வேலி

அட்டையின் மூலையில் அச்சிட்டிருந்த விலை ஒரு ரூபாய் ஐம்பது காசு. கேட்கப்பட்ட விலை 2,500 ரூபாய். நூலோ 64 பக்கம். சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றிய பழைய சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம். ஒரகடத்தில் வாடகை அறையொன்றில் ஞாயிறுதோறும் கூடும் நமது படிப்பு வட்டத்துக்காக அதைத் தேடிச் சென்றோம். நூலை உறையிலிருந்து வெளியே எடுக்கவே கடைக்காரர் தயங்கினார். "பதிப்பிலே இல்லாத புத்தகம் தம்பி, விலை அப்படித்தான் இருக்கும்" என்றார். நம்முடன் வந்த தோழர் ஒப்பந்தத் தொழிலாளி. தெருவுக்கு வந்ததும், "நாலு நாள் கூலி, சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சாதியைக் கேளாமல், சடங்கைக் கேளாமல், மணம் செய்துகொள்ளலாம் என்று ஏழை எளியோருக்கு எடுத்துச் சொன்ன நூல் அது. அந்த ஏழையின் கைக்கு எட்டாத உயரத்தில் இன்று அது வைக்கப்பட்டிருக்கிறது. கௌதம தரும சூத்திரம், வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லிற்று. அன்று வேதத்துக்கு வேலி ஈயம். இன்று, அந்த வேலியைப் பிடுங்கி எறியப் புறப்பட்ட ஏடுகளுக்கே வேலி கட்டப்படுகிறது, விலைச்சீட்டால் கட்டப்படுகிறது. இதைவிட வேதனையான வேடிக்கை வேறுண்டா?

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வாழும் நமக்கு இந்த வேடிக்கை இன்னும் நன்றாகவே விளங்கவேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்துகள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010 முதல். இங்கே வேலை பார்க்கும் எந்த இளைஞனும் அறிவான், அச்சு இருக்குமட்டும் பொருள் அரிதாவதில்லை என்பதை. பொன் அரிதாக இருக்கிறதென்றால் மண்ணுக்குள் அது குறைவு, அது இயற்கை. புத்தகத்தின் கதை அப்படியா? ஒரு படி இருந்தால் ஓராயிரம் படி எடுக்கலாம். ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஊர்தியை வரிசை வரிசையாய் ஆக்கித் தள்ளும் இந்த மண்ணில், 64 பக்க நூலொன்று அரும்பொருள் ஆகிவிட்டதென்றால், அந்த அருமை இயற்கையன்று, ஆக்கப்பட்டது. ஆக்கப்பட்டது என்றால், ஆக்கியவர் யார் என்று கேட்பதே பகுத்தறிவு.

கடைக்காரரா? அவசரப்பட்டு அவர்மீது பாயவேண்டாம். எடைக்குப் போன காகிதக் கட்டிலிருந்து ஏடுகளைப் பொறுக்கி எடுத்தவர் அவர். அவர் இல்லாவிட்டால் அந்தச் சொற்பொழிவு கடலை மடிக்கப் போயிருக்கும். 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது, பழைய புத்தகத்தை நம்பிப் பிழைத்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். படிப்பாளிகள் ஒரு பெரும் புதையலை இழந்தார்கள். நடைபாதையில் சாக்கை விரித்து நூல் விற்பவர் நம் நண்பர். அவர் வைக்கும் இலாபம் உழைப்புக்குக் கூலி.

ஆனால், தேவையை மோப்பம் பிடித்துப் பத்துப் படிகளையும் வாங்கிப் பூட்டிவைத்து, ஆண்டுக்கு ஒன்றாய் வெளியே விடுகிறவர் வேறு. அவர் நூலைக் காக்கவில்லை. நூலின் பஞ்சத்தைக் காக்கிறார். அந்தப் பணத்தில் எழுதியவருக்குப் பங்குண்டா? ஒரு காசும் இல்லை. நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு, ஓவியம், கையெழுத்துப்படி போன்ற மூலப்படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், 10 சதவீதத்துக்கு மிகாத பங்கைப் படைத்தவருக்கோ வாரிசுக்கோ தர வழி செய்கிறது. அச்சிட்ட நூலுக்கு அந்த வழியும் இல்லை. எழுதியவருக்கும் பயனில்லை, படிக்க விரும்புவோருக்கும் பயனில்லை. இடையில் நிற்கும் பூட்டுக்கு மட்டும் பயன்.

"சந்தை சொல்லும் விலைதானே சரியான விலை?" என்று வாதிடுவோர் உண்டு. சந்தை எப்படிச் சொல்லும் என்பதற்குச் சான்று ஒன்று காட்டுவோம். ஈயின் வளர்ச்சியைப் பற்றி 1992இல் வெளிவந்த உயிரியல் நூலொன்று, பதிப்பில் இல்லாத நிலையில், 2011ஆம் ஆண்டில் அமேசான் தளத்தில் 2 கோடியே 36 இலட்சம் டாலருக்கு மேல் விலை குறிக்கப்பட்டு நின்றது! வாங்க ஆளில்லை. இரண்டு விற்பனையாளர்களின் கணினி நிரல்கள், ஒன்றன் விலையைப் பார்த்து மற்றொன்று தன் விலையை நாள்தோறும் திருத்திக்கொண்டே போயின. மனிதர் எவரும் அந்த விலையை எண்ணிப் பார்க்கவே இல்லை. விலை எனப்படுவது மதிப்பின் அளவுகோல் என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையே. கல்லுக்குப் பூச்சூட்டியவனைக் கேள்வி கேட்ட நாம், விலைச்சீட்டுக்கு மட்டும் கைகூப்பலாமா?

கைகூப்புகிறோம், தோழர்களே! நம்மையே நாம் விமர்சித்துக்கொள்ளவேண்டிய இடம் இது. "முதற்பதிப்பு என்னிடம் இருக்கிறது" என்று பெருமை பேசும் கழகத் தோழர்களைப் பார்க்கிறோம். கண்ணாடிப் பேழை, அதற்கொரு பூட்டு, ஆண்டுக்கொருமுறை தரிசனம். படிக்கக் கேட்டால், "தாள் உடைந்துவிடும்" என்கிறார்கள். இது நூலகமா, கருவறையா? அன்று தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத இருபது பேர் கேட்டு வளர்ந்த இயக்கம் இது. ஒரு படிக்கு இருபது செவிகள் இருந்தன அன்று. ஒரு படிக்கு ஒரு பூட்டு இருக்கிறது இன்று. பழைய தாளைப் பாதுகாப்பது அறிஞர் கடமை, மறுப்பதற்கில்லை. தாளைக் காத்துக் கருத்தைச் சிறையிடுவதோ புதிய உருவ வழிபாடு.

ஈரோட்டில் 1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தொடங்கிய 'குடி அரசு' ஏட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கம் 1931இல் அதில்தான் வந்தது. அந்த இதழ்களோ நெடுங்காலம் ஒருசில நூலகங்களிலும் தனியார் பெட்டிகளிலுமே கிடந்தன. 1925 முதல் 1938 வரை அதில் வெளியான பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிட முனைந்தபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் தடை கோரி வழக்குத் தொடுத்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு தடை வழங்க மறுத்தார். தொகுதிகள் 27 வெளிவந்தன. இரு தரப்பும் பெரியாரின் பிள்ளைகளே. யார்மீதும் நமக்குப் பகையில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: இன்று அந்தத் தொகுதிகளைக் கைப்பேசியிலேயே படிக்கிறான் தொழிற்சாலைப் பேருந்தில் செல்லும் இளைஞன். பழைய இதழ் எந்த விலைக்கும் போகட்டும். அதிலுள்ள கருத்துக்கு அவன் எவரிடமும் பேரம் பேசத் தேவையில்லை.

பாரதியார் கதையும் அதுவே. அவர் பாடல்களின் உரிமையை 1949இல் ஓமந்தூரார் அரசு பெற்றது. பின்னர் அது மக்களுக்கே பொதுவாயிற்று. இன்று பாரதியின் கவிதை வேண்டுவோர் பழைய புத்தகக் கடையில் கெஞ்சி நிற்பதில்லை. மலிவுப் பதிப்பு எங்கும் கிடைக்கிறது. பாரதிதாசன், அண்ணா ஆகியோர் எழுத்தும் நாட்டுடைமையாயின. 2024இல் கலைஞரின் எழுத்தும் ஆயிற்று. நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விலையின்றித் தருகிறது. பூட்டைத் திறந்தால் விலை தானே இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் மிச்சம் நிறைய. பெயர் பெற்றவர் நூலுக்கு வழி பிறந்தது. ஊர் ஊராய்ப் பேசிய சிறு பேச்சாளர், ஓரணாவுக்குத் துண்டு நூல் போட்ட அச்சகத்தார், மாநாட்டு மலரில் எழுதிய பெண்கள் ஆகியோருக்கு வழியேது? எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை நீடிக்கிறது. வாரிசுக்கோ நூலின் நினைவே இல்லை. அச்சிடவும் ஆளில்லை, அனுமதி கேட்கவும் ஆளில்லை. இந்த இடைவெளியில்தான் 2,500 ரூபாய் முளைக்கிறது.

சட்டம் முற்றிலும் கதவடைக்கவில்லை. உரிமையாளர் மறுபதிப்புக்கு மறுத்து, அதனால் நூல் மக்களுக்குக் கிட்டாமற்போனால், கட்டாய உரிமம் கோர 31ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, இலாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயனுக்காக மூன்று படி வரை எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் இடம் தருகிறது. இந்த உரிமைகளைக் கேட்டு வாங்க எத்தனை கிளை நூலகங்களுக்குச் சென்றோம் நாம்?

திருப்பெரும்புதூர் என்றதும் உலகுக்கு நினைவு வருபவர் இராமானுசர். பிறருக்குச் சொன்னால் நரகம் என்று குரு கட்டளையிட்ட மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் உரைத்தார் என்பது வைணவர் சொல்லும் கதை. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கையில்லை; நரகத்திலும் இல்லை. மறைத்துவைத்ததை ஊரறியச் சொன்ன துணிவில் நமக்கு மதிப்புண்டு. மந்திரத்துக்கே அத்துணிவு வேண்டியிருந்ததென்றால், மனிதனை மனிதனாக்கும் நூலுக்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

ஆகவே, தோழர்களே, பரணில் பழைய நூல் வைத்திருப்போர் பட்டியலொன்றை எழுதுங்கள். ஊர் நூலகரிடமும், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும் அதைக் காட்டுங்கள்; மின்வடிவாக்க நூலைக் கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். எழுதியவரின் வாரிசு எங்கிருக்கிறார் என்று தேடி, மறுபதிப்புக்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். பதுக்குவோர் கேட்கும் விலையை மட்டும் கொடுக்காதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த பூட்டுக்கு முதலாகும்.

நமது படிப்பு வட்டம் அந்த நூலை வாங்கவில்லை. பல வாரம் அலைந்தபின், இயக்க முதியவர் ஒருவர் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த படியொன்று கிட்டியது. "எடுத்துப்போய்ப் படியுங்கள், தம்பி" என்றார். விலை பேசவில்லை. சென்ற ஞாயிறன்று அந்த ஒப்பந்தத் தொழிலாளித் தோழர்தான் அதை உரக்கப் படித்தார். கேட்டவர்கள் பதினான்கு பேர்.