சட்டத்துக்குள் லட்சுமி

ரவிவர்மாவின் படங்கள் இன்று ‘நுண்கலைப் பிரதி’ என்ற பெயரில் கேன்வாஸில் அச்சாகி, தேக்குச் சட்டமிட்டு, வரிசை எண்ணும் சான்றிதழும் சேர்த்து விற்கப்படுகின்றன. பிரதிக்கு எதற்கய்யா சான்றிதழ்? எத்தனை வேண்டுமானாலும் அடிக்கக்கூடியதை வேண்டுமென்றே குறைத்து அடித்து, ‘உங்களுடையது இத்தனையாவது’ என்று எண் போட்டால், வாங்குகிறவர் காசு கொடுப்பது அடுத்த வீட்டில் அது இல்லை என்பதற்காகத்தான்.

இந்தப் படங்களின் பிறப்பே இதற்கு நேர் எதிரானது. மூல ஓவியங்கள் திருவிதாங்கூர், மைசூர், பரோடா அரண்மனைகளுக்குள் இருந்தன. 1894இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். வண்ணத்துக்கொரு கல்லாக ஒன்றன்மேல் ஒன்று அச்சேற்றி, எண்ணெய் ஓவியம்போல் மினுங்க வார்னிஷ் பூசிய ஓலியோகிராஃப்கள் அங்கிருந்து ஊர் ஊராகப் போயின. (கடன் முற்றி, சில வருடங்களில் அச்சகம் ஒரு ஜெர்மன்காரர் கைக்குப் போனது தனிக் கதை.) காசு இருந்தால் போதும், படக்கடை வாசலில் சாதி கேட்டு நிறுத்த முகாந்திரமில்லை. ரவிவர்மாவின் சொந்த மண்ணான திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். அதற்கு 40 வருடங்களுக்கு முன்பே அச்சுக்கல் லட்சுமியைக் கருவறைக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது.

அதே 1936இல்தான் வால்ட்டர் பெஞ்சமினின் கட்டுரை வெளியானது: இயந்திரப் பிரதியாக்கத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் உதிர்ந்துபோகிறது என்று. நம் வீடுகளில் நடந்தது தலைகீழ். பிரதிக்கே கண்ணாடி மேல் குங்குமம் வைத்தார்கள், விளக்கேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கிடைத்த சில படங்களில் புடவைமேல் சரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருக்கிறது. வாங்கிய பிறகும் படம் முடிந்துவிடவில்லை. அதன்மேல் இன்னொரு கை வேலை செய்தது.

இதை ஜனநாயகம் என்று கைதட்டிவிட்டு நகரவும் முடியாது. கல் எல்லோர் வீட்டுக்கும் போனது சரி, கொண்டுபோன முகம் யாருடையது? வெளுத்த மேனி, சரிகைப் புடவை, உடம்பு நிறைய நகை, பக்கத்தில் யானை. மாரிக்கும் இசக்கிக்கும் பேச்சிக்கும் தங்களுக்கென்று ஒரு முகம் அச்சில் வருவதற்குள், பெண் தெய்வம் என்றாலே அந்த ஜாடைதான் என்றாகிவிட்டது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜு (1898-1976) வரைந்து சிவகாசியில் அடித்த காலண்டர்கள்வரை அதே ஜாடை நீள்கிறது.

நுண்கலைப் பிரதி இந்த வரலாற்றில் எதைத் துடைக்கிறது என்று பாருங்கள். குங்குமம் போய்விட்டது, ஜிகினா போய்விட்டது, விளக்குப் புகை போய்விட்டது. முகத்து வெளுப்பு மட்டும் முன்னைவிடத் துல்லியமாக இருக்கிறது. நம் தோழர்கள் சிலர் வீட்டுக் கூடத்திலும் இது தொங்குகிறது. கேட்டால், ‘சாமி கும்பிட இல்லீங்க, கலைக்காக’ என்கிறார்கள். பூஜையறைப் படத்தைச் சோபாவுக்கு மேலே மாட்ட அனுமதி தருவது அந்தத் தேக்குச் சட்டம்தான்.

தெருமுனைக் கண்ணாடிக் கடையில் லட்சுமிக்கும் அம்பேத்கருக்கும் செத்துப்போன பாட்டியின் போட்டோவுக்கும் ஒரே சட்டத்தைத்தான் அறுத்துப் போடுகிறார்கள். அளவுக்குத் தகுந்த காசு.