உலையருகே நின்றவனும் ஊர்ச் சபையும்

தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளுக்குச் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தைப் போல் பொருத்தமான பகுதி வேறில்லை என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த திருப்பலி ஒன்றில், மே முதல் நாளன்று, அதைக் கொண்டே மறையுரை ஆற்றினோம். அனலில் உடல் வாட நிற்கும் கொல்லன், ஓயாத சம்மட்டி ஓசை, செய்பொருளின் வடிவை விட்டு விலகாத அவன் கண்கள் என ஆசிரியர் தீட்டிய சித்திரத்தை வியந்து பேசினோம்.

திருப்பலிக்குப்பின் உலையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். "சாமி, எழுதினவரு உலைகிட்ட நின்னு பார்த்திருக்காரு. அப்புறம் ஏன் ஊர்ச் சபையில எங்களுக்கு இடமில்லைன்னு எழுதிட்டாரு?" என்றார். மறையுரையில் நாம் தொடாமல் விட்ட வசனங்களை அவர் வீட்டில் வாசித்திருந்தார்!

அக்கேள்வியோடு நூலை மீண்டும் எடுத்தோம். கி.மு. 180 அளவில் எருசலேமில் எபிரேயத்தில் எழுதிய இந்த ஞானி, பணிவைப் பற்றி மூன்றாம் அதிகாரத்தில் விரிவாகப் போதிக்கிறார். முன்னோர் அறுவடை செய்த திராட்சைத் தோட்டத்தில் கடைசியாக வந்து பொறுக்குபவராகவே தம்மைக் கருதுகிறார். அவர் பொறுக்கியவற்றுள் எகிப்திய எழுத்தர் மரபும் உண்டு என்பர் அறிஞர் பலர். கேத்தி என்பவரின் பெயரால் வழங்கும் பழைய எகிப்திய நூல், மகனை எழுத்தனாக்க விரும்பும் தந்தை மற்ற தொழில்களை இகழ்வதாக அமைந்தது. கொல்லனின் விரல்களையும் அவன்மேல் வீசும் நாற்றத்தையும் அது நகையாடுகிறது. நம் ஞானியிடம் அந்த நகைப்பு இல்லை. இவர்கள் இன்றி நகர் இல்லை என்கிறார். அவர்கள் தொழிலையே மன்றாட்டாக உயர்த்துகிறார். இது அவர் தாமே கண்டது.

ஆயினும் ஓய்வுள்ளவனுக்கே ஞானம், ஆகவே சபையில் எழுத்தனுக்கே இருக்கை என்ற முடிவு மட்டும் பழையபடியே நிற்கிறது. முன்னோரிடமிருந்து பெற்றது என்பதாலேயே அதை அவர் தட்டிப்பார்க்கவில்லை போலும். மூத்தோர்முன் அவர் காட்டிய பணிவே கொல்லன்முன் அவரைப் பணியவிடாமல் தடுத்தது என்பது நம் கருத்து. விவிலிய ஆசிரியரைப் பற்றி ஒரு குரு இப்படிச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தூய ஆவியின் ஏவுதல் மனித ஆசிரியரின் காலத்தையும் வகுப்பையும் துடைத்தெறிவதில்லை என்றே குருமடத்தில் கற்றோம்.

அவருடைய பேரன் கி.மு. 132இல் எகிப்துக்கு வந்து, பின்னர் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எபிரேயச் சொல்லின் ஆற்றல் பிறமொழியில் அப்படியே வராது என்று முன்னுரையில் பொறுத்தருளவும் வேண்டினார். மூல எபிரேயமோ பல நூற்றாண்டுகள் அறிஞர் கைக்கு எட்டவில்லை. கெய்ரோவின் தொழுகைக்கூடச் சுவடிகளில் 1896இல் ஒரு தாள் இனங்காணப்பட்டது. 1964இல் மசாதாவில் வேறு பகுதிகள் கிட்டின. இவற்றுள் எதிலும் கொல்லனைப் பற்றிய வசனம் இல்லை. மொழிபெயர்ப்பின் வழியாகவே அவன் நம்மிடம் வந்துள்ளான். பாட்டனார் சொன்னதைப் புகழ்ச்சியும் விலக்கலுமாக முழுமையாய்த் தந்தார் பேரன். நாமோ பாதியை மறைத்தே மறையுரை ஆற்றினோம்.

அன்றிரவு பங்குப் பேரவையின் பட்டியலைப் பார்த்தோம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், கடைக்காரர் ஒருவர். உலைக்காரர் எவரும் இல்லை. கூட்டம் மாலை ஆறு மணிக்கு. இரண்டாம் ஷிப்ட் நடக்கும் நேரம் அது.