மடங்கிய முழங்கால்

நின்று முன்னால் குனிகிற உத்தானாசனத்தில் முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தால்தான் என் கண்ணுக்கு அழகு. ஆரணியில் யோகா பழகுகிறவர்கள் நடுவே இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்க முடியாது. "அப்புறம் எதுக்கு சார் ஆசனம்?" என்று மல்லுக்கு வந்துவிடுவார்கள். நெற்றி முழங்காலில் ஒட்ட வேண்டும், கால் தூண் மாதிரி நிற்க வேண்டும், பார்க்கிறவர்கள் 'அடடா' போட வேண்டும் என்பது அவர்கள் ரசனை. இருக்கட்டும்.

நான் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் கட்சி. 1995இல் வந்த 'தி ஹார்ட் ஆஃப் யோகா' புத்தகத்தில் உத்தானாசனத்துக்கு அவர் தரும் விளக்கம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அந்த ஆசனத்தில் முதுகுத்தண்டு நீள வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. தொடையின் பின்தசை இறுகிப்போன ஒருவரிடம் காலை விறைக்கச் சொல்லுங்கள், அவர் இடுப்பிலிருந்து குனிய மாட்டார். மேல்முதுகைக் கூனிக்கொண்டு குனிவார். கை எப்படியோ தரைக்கு வந்துவிடும், முதுகு வராது. அதே ஆள் முட்டியை இரண்டு விரற்கடை இளக்கட்டும். இடுப்பு பின்வாங்கும், வயிறு தொடைமேல் வந்து அமரும், கழுத்து தொங்கும். நான் பார்ப்பது அந்தக் கழுத்தைத்தான். நிஜமாகவே தொங்குகிற கழுத்து என்றால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தாடை இறுகி, கண் பக்கத்துப் பாய்க்காரரை அளந்துகொண்டிருந்தால் மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எழும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. தேசிகாச்சார் மரபில் மூச்சு முதலில் கிளம்பும், கை பிறகு கிளம்பும். கை உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மூச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அசைவு முழுவதும் மூச்சுக்குள்ளேயே தொடங்கி மூச்சுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். தேர்ந்த சாதகர் எழுவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: முதலில் விலா விரியும், அரை நொடி கழித்துத்தான் விரல்நுனி தரையை விட்டு எழும். அந்த அரை நொடிக்காக நான் சென்னைக்குப் பஸ் ஏறுவேன்.

தேசிகாச்சாரின் தந்தையும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியாரை ரசிக்கிறவர்கள் பெரும்பாலும் 1938இல் எடுத்த அந்த ஊமைப் படத்தைத்தான் சிலாகிப்பார்கள். ஐம்பதை ஒட்டிய குரு, இருபதை ஒட்டிய பி.கே.எஸ். ஐயங்கார், ரப்பர் உடம்புகள், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்கிற லாவகம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனை யோகசாலையின் கம்பீரம் அது, மறுக்கவில்லை. ஆனால் 1950இல் அந்த யோகசாலை மூடப்பட்ட பிறகு, அறுபதைத் தாண்டிய வயதில் சென்னைக்குக் குடிவந்து, ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியாரைத்தான் எனக்குப் பிடிக்கும். மைசூரில் அவர் முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் அரண்மனைப் பையன்கள். சென்னையில் வந்தவர்கள் இடுப்பு பிடித்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், ஆபீஸ்காரர்கள், பாட்டிகள். அவர் கலை அங்கேதான் கனிந்தது என்பது என் துணிபு.

சிருஷ்டி, ஸ்திதி, அந்தியம் என்று அவர் வயதைப் பிரித்தது தெரிந்த கதை. பையனுக்குக் குதிப்பும் ஓட்டமும், குடும்பஸ்தனுக்கு இருக்கிற அரைமணியில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி, முதியவருக்குப் பிராணாயாமமும் தியானமும். இதை ஒரு சட்டகமாகப் பேசுகிறவர்கள் நிறைய. அவர் தன் உடம்பிலேயே அதைச் செய்துகாட்டியதைப் பேசுகிறவர்கள் குறைவு. 96 வயதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாமென்று சொல்லிவிட்டு, படுக்கையில் கிடந்தபடியே செய்யத்தக்க ஒரு பயிற்சி முறையைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். யாரும் அப்படி அறுவை சிகிச்சையைத் தவிர்க்க வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜகன்மோகன் அரண்மனையில் பாய்ந்து எழுந்த ஒரு மனிதர், கட்டிலின் நீள அகலத்துக்குள் தன் ஆசனத்தை வெட்டித் தைத்துக்கொண்டார் அல்லவா, அந்த ஊமைப் படம் போல நூறு படங்களை இதற்கு ஈடாகக் கொடுக்கலாம். 1989இல் அவர் மறைந்தபோது வயது நூறு.

தேசிகாச்சார் யோகா பக்கம் வந்ததும் ஒரு தனி மாணவியால்தான். 1960களின் தொடக்கம், பொறியியல் முடித்து வேலைக்குக் கிளம்ப இருந்த பிள்ளை அவர். ஒருநாள் நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் வீட்டு வாசலில் வந்து இறங்கி, ஆசாரமான வைணவரான அப்பாவைத் தெருவிலேயே கட்டிக்கொண்டார். பல காலமாகத் தூக்கமில்லாமல் தவித்தவருக்கு, அப்பாவின் பயிற்சியால் முந்தைய இரவு தூக்கம் வந்துவிட்டதாம். மகன் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவனாக உட்கார்ந்தார். 1976இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் உருவானது. ஆளைப் பார், பிறகு ஆசனத்தைப் பார் என்கிற ஒரு வரிதான் அந்த நிறுவனத்தின் அடித்தளம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஆரணி மாதிரிப் பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு இதை ரசிக்காமல் இருக்க முடியாது. குழித்தறியில் உட்கார்ந்தவர் உடம்பை யோகா ஆசிரியர்கள் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கால் இரண்டும் குழிக்குள் மிதிகட்டை மேல். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, ஒரு தோள் எப்போதும் மற்றதைவிட இறுகியிருக்கும். கண் ஜரிகையை விட்டு அகலாது. தொடைப் பின்தசை நாளெல்லாம் மடங்கியே இருந்து குட்டையாகிவிடும். இந்த உடம்பிடம் வந்து "முட்டியை மடக்காதே" என்று அதட்டுவது என்ன நியாயம்?

சேவூரில் என் தாத்தா தறியிலிருந்து எழுகிற விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குழியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பை வெளியே எடுப்பார். உடனே நிமிர மாட்டார். முட்டியை மடக்கியபடி நின்று, கைகளைக் கணுக்கால் வரை தளரவிட்டு, தலையைத் தொங்கப்போட்டு ஏழெட்டு மூச்சு விடுவார். பிறகு இடுப்பில் கைவைத்து மெல்ல எழுவார். "நரம்பு எறங்கணும்டா" என்பார், கேட்டால். யாரும் அவருக்கு உத்தானாசனம் சொல்லிக்கொடுக்கவில்லை. உடனே நெசவாளிகளெல்லாம் பிறவி யோகிகள் என்று நான் எழுதிவிடுவேன் என்று பயப்படாதீர்கள். அறுபதில் தாத்தாவின் இடுப்பு போய்விட்டது, கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுவதே பெரும்பாடாக இருந்தது.

தறியிலிருந்தே எழுந்து வந்து உடற்பயிற்சி வகுத்தவர் நமக்கு ஒருவர் இருக்கிறார்: வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், சிறுவயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். கிருஷ்ணமாச்சாரியார் ரசிகர்கள் அவருடைய எளியமுறை உடற்பயிற்சியை ஆசனமாகவே மதிப்பதில்லை. எனக்கும் அவருடைய தத்துவ விரிவுரைகளில் கொஞ்சம் தூக்கம் வரும். ஆனால் அந்தப் பயிற்சி வரிசையைப் பாருங்கள். கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடம்பைத் தானே தேய்த்துவிடுதல், கடைசியில் தளர்த்தல். கண்ணுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியதும், தன் காலைத் தன் கையாலேயே நீவிக்கொள்ளச் சொன்னதும் தறி தந்த அறிவு என்றே எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். மல்லாந்து படுத்து, கைகளைத் தோள்மட்டத்தில் விரித்து, கால் ஒரு பக்கமும் தலை மறுபக்கமும் திரும்புகிற அவருடைய மகராசனத்தைப் பதறாமல் செய்தால், நாளெல்லாம் ஒரே பக்கம் கயிறு இழுத்த முதுகு என்ன சுகம் காணும் என்பதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும். பதறாமல் என்பதை அடிக்கோடிடுகிறேன். இப்போது பல இடங்களில் எண்ணிக்கை ஓட்டத்தில் அது முடிந்துபோகிறது.

இந்த ஓட்டம்தான் என் ஆற்றாமை. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வகுப்புக்குப் போயிருந்தேன். வாசலில் பேனர்: கிட்ஸ் யோகா, லேடீஸ் ஸ்பெஷல், சுகர் பேட்ச், சீனியர் சிட்டிசன். பரவாயில்லையே, கிருஷ்ணமாச்சாரியார் பிரித்த மாதிரி இங்கேயும் பிரித்திருக்கிறார்களே என்று உள்ளே போனால், எல்லா நேரத்திலும் அதே பன்னிரண்டு சூரிய நமஸ்காரம், அதே ஹெட்செட் மைக். பெரியவர்களுக்கு என்ன மாற்றம் என்று கேட்டேன். "அவங்களுக்கு மெதுவா பண்ணுவோம் சார்" என்றார் மாஸ்டர். பாவின் எண்ணிக்கை மாறினால் அச்சை மாற்ற வேண்டும், மெதுவாக நெய்தால் போதாது என்பது இந்த ஊரில் தார் சுற்றுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். முதியவருக்குச் செய்ய வேண்டிய முதல் மாற்றம் வேகத்தில் இல்லை. நின்று செய்வதைப் படுத்துச் செய்ய வைப்பது, கை தூக்குவதை மூச்சோடு கட்டுவது, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுப்பது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வந்தவரை விசாரிப்பது. அங்கே யாரும் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை.

குழந்தைகள் விஷயம் இதைவிட மோசம். பரிசுக் கோப்பைக்காகப் பத்து வயதுப் பெண்ணை, உடம்பைப் பின்னால் வளைக்கிற கண்டபேருண்டாசனத்தில் நிறுத்திவைத்து, நடுவர் கடிகாரம் பார்க்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. எனக்கு வயிற்றைப் பிசைகிறது. குழந்தையை அசையாமல் நிறுத்துவது எந்த முறையிலும் சேர்த்தியில்லை. குதிக்கவிட்டு, மாற்றி மாற்றி ஆசனம் கொடுத்து, அலுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். மைசூர்ப் பையன்களுக்குக் கிருஷ்ணமாச்சாரியார் கொடுத்ததில் அந்தத் துள்ளலாவது இருந்தது.

கருவுற்றவர்களுக்கான வகுப்புகள் இப்போது நகரங்களில் பிரபலம். புதுமை ஒன்றுமில்லை. ஆழ்வார்திருநகரியில் தம் பதினாறாம் வயதில் வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் அருளால் பெற்றதாகக் கிருஷ்ணமாச்சாரியார் சொன்ன 'யோக ரகசியம்' பெண்களின் பயிற்சியை, அதிலும் கருவுற்ற காலத்துப் பயிற்சியைத் தனியாகவே பேசுகிறது. நாதமுனிகள் அருளியதா, கிருஷ்ணமாச்சாரியாரே யாத்ததா என்று ஆய்வாளர்கள் மோதிக்கொள்ளட்டும். கர்ப்பிணியை ஒரு தனி மாணவியாகப் பார்த்த கண் அதில் இருக்கிறது.

ஐயங்கார் ரசிகர்கள் இந்நேரம் பொறுமை இழந்திருப்பார்கள். கால் நேராக இருப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். 1966இல் வந்த 'லைட் ஆன் யோகா' படங்களில் அந்தக் கோடுகளின் சுத்தத்துக்கு இணை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1958இல், எண்பதைக் கடந்த பெல்ஜியம் ராஜமாதா எலிசபெத்துக்குச் சிரசாசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். வயதுக்கேற்ற யோகா என்றாலே பெரியவர்களை ஒரு மூலையில் உட்காரவைப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இது நல்ல சூடு. நாற்காலியையும் கயிற்றையும் பெல்ட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்ததும் அவர்தான். நாற்காலிக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன். படங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியை மறந்துபோன அவருடைய ரசிகர்களோடுதான் என் வழக்கு.

2015 முதல் ஜூன் 21, சர்வதேச யோகா தினம், வந்தால் பள்ளி மைதானங்களில் எல்லோருக்கும் ஒரே பொது யோகா நெறிமுறை. ஆறாம் வகுப்புப் பையனும், அடுத்த வருடம் ஓய்வுபெறப் போகிற தலைமையாசிரியரும் ஒரே ஒலிபெருக்கிக்கு ஒரே நேரத்தில் குனிகிறார்கள். அன்று தேசிகாச்சாரின் பிறந்தநாள். 1938 ஜூன் 21. ஒரு மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாவிட்டாலும் போகிறது, அந்தத் தலைமையாசிரியரை முட்டியை இளக்கிக் குனியச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

ஆரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் வகுப்பு எடுக்கிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலை ஐந்தரை மணி வகுப்பு கடைக்காரர்களுக்கும் வாத்தியார்களுக்கும் சரி. தெருவில் பாவு நீட்டுகிற வீட்டுக்காரர்களுக்கு அது வேலை நேரம். தறி இறங்குகிற மாலையில், விளக்கு வைத்த பிறகு, ஒரு வகுப்பு வையுங்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். சுவரோரம் நாலு நாற்காலி போட்டுவையுங்கள். வருகிறவர்களிடம் முதல் நாள் ஆசனம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், எந்தக் கையால் நாடாக் கயிறு இழுக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.