எடிட்டரின் பேனா எதுவரை?

எழுத வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் யோசனை, எழுதியதில் பாதியை வெட்டு என்பது. அடுத்தது, நல்ல எடிட்டரிடம் கொடு என்பது. தமிழில் எடிட்டர்களே இல்லை என்ற குறையும் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடிட்டர் ஒருவர் கிடைத்துவிட்டால் புத்தகம் தானாகச் சீராகிவிடும் என்ற நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே எடிட்டிங் ஒருவருக்குப் பெரும்புகழைத் தந்து, அவருடைய எழுத்தை அவருக்கே அந்நியமாக்கியும் விட்ட வழக்கு ஒன்று, சான்றுகளோடு நம்முன் இருக்கிறது.

அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வர் 1980இல் தன் கதைத்தொகுதியை நாஃப் பதிப்பகத்தின் எடிட்டர் கார்டன் லிஷ்ஷிடம் கொடுத்தார். லிஷ் அவருக்குப் புதியவர் அல்லர். எஸ்குவயர் இதழில் புனைகதைப் பகுதியைக் கவனித்த நாளிலேயே கார்வரின் கதைகளை வெளியிட்டுக் கைதூக்கிவிட்டவர். அந்த உரிமையில் அவர் வெட்டினார். மொத்தத் தொகுதியில் பாதிக்கு மேல் போயிற்று. தலைப்புகளும் முடிவுகளும் மாறின. 1980 ஜூலை 8ஆம் தேதி கார்வர் நீண்ட கடிதம் எழுதி, வேலையை நிறுத்திவிடுமாறு மன்றாடினார். நிற்கவில்லை. ‘காதலைப் பற்றிப் பேசும்போது நாம் பேசுவது’ என்ற பெயரில் தொகுதி 1981இல் வெளிவந்தது. கார்வர் புகழின் உச்சிக்குப் போனார்.

அதில் உள்ள ‘குளியல்’ கதையைப் பாருங்கள். பிறந்தநாளன்று சிறுவன் ஒருவன் காரில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்கிறான். அவனுக்காகச் சொல்லிவைத்த கேக்கை யாரும் வாங்க வராததால் பேக்கரிக்காரர் வீட்டுக்கு ஃபோன் செய்துகொண்டே இருக்கிறார். லிஷ் செதுக்கிய வடிவம், தாய் வீட்டுக்கு வந்து ஃபோனை எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. பேசுவது ஆஸ்பத்திரியா, பேக்கரியா, பையன் பிழைத்தானா, எதுவும் தெரியாது. வாசகனின் வயிற்றைப் பிசையும் முடிவு அது. தொழில் தெரிந்த கை செய்த வேலை.

கார்வர் எழுதியது வேறு. பையன் இறந்துபோகிறான். ஆத்திரத்தோடு பெற்றோர் இரவில் பேக்கரிக்குப் போகிறார்கள். விவரம் தெரிந்ததும் பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்கிறார், அவர்களை உட்காரவைத்துச் சூடான ரொட்டி தருகிறார், தன் தனிமையைச் சொல்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கார்வர் இந்த நீண்ட வடிவத்தைத் தன் அடுத்த தொகுதியான ‘கதீட்ரல்’ நூலில் 1983இல் வெளியிட்டார். அந்த நூலில் லிஷ்ஷின் கை அதிகம் நுழைய அவர் விடவில்லை. கார்வர் கொடுத்த மூலத் தொகுதி முழுவதும், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 2009இல் வந்தது.

இரண்டில் எது நல்ல கதை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. தொகுதி முழுவதும் லிஷ்ஷின் வெட்டால் கெட்டுவிட்டது என்று சொல்லவும் முடியாது. கார்வரின் மூலத்தில் சொன்னதையே சொல்லும் பத்திகள் இருந்தன. இறுக்கியதால் கூர்மை பெற்ற கதைகளும் உண்டு. ஆனால் இந்தக் கதையில் வெட்டுப்பட்டவை உபரிச் சொற்கள் அல்ல. துயரத்தின் நடுவில் அந்நியர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக முடியும் என்ற கார்வரின் நம்பிக்கையே வெட்டுப்பட்டது. எடிட்டருக்கு வளவளப்பாகத் தெரிவது எழுத்தாளரின் உலகப் பார்வையாக இருக்கலாம். பின்னால் வந்த ஒரு தலைமுறை, சொல்லாமல் விடுவதே கலை என்று அந்தத் தொகுதியை வைத்துப் பாடம் படித்தது. அவர்கள் பாதி லிஷ்ஷிடம்தான் படித்தார்கள்.

இதற்கு நேரெதிராகக் கவிஞர்கள் எலியட்டையும் எஸ்ரா பவுண்டையும் வைக்கலாம். 1922இல் வெளியான எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையின் கைப்பிரதி 1971இல் அச்சானபோது, பவுண்ட் எவ்வளவு கடுமையாக வெட்டியிருந்தார் என்பது ஊருக்குத் தெரிந்தது. நான்காம் பகுதியில் நீண்ட கடற்பயணம் ஒன்று இருந்தது. அது முழுக்கப் போய், மூழ்கி இறந்த ஃபிளிபஸைப் பற்றிய பத்து வரிகள் மட்டும் மிஞ்சின. மனம் தளர்ந்த எலியட், அப்படியானால் அந்தப் பத்து வரிகளையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, அவை இருந்தே தீர வேண்டும் என்றார் பவுண்ட். வெட்டிய கையே காப்பாற்றவும் செய்தது. எலியட் எல்லா யோசனைகளையும் ஏற்கவும் இல்லை. எது நிற்கும், எது போகும் என்ற கடைசி முடிவு எழுதியவரிடமே இருந்தது. கார்வருக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை. வெட்டின் அளவை வைத்துப் பார்த்தால் பவுண்டும் லிஷ்ஷும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

நம் பக்கம் கதை வேறு. தமிழ் நாவல் பெரும்பாலும் பத்திரிகைத் தொடராக வளர்ந்தது. அங்கே ஆசிரியர் தேர்ந்தெடுப்பார், பக்கத்துக்கு அடங்கச் சுருக்குவார். முழு வடிவத்தைப் பற்றி எழுத்தாளரோடு உட்கார்ந்து பேச வாரப் பத்திரிகைக்கு அவகாசம் ஏது? ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி நடத்திய பத்திரிகையிலேயே வந்தது, எழுதியவரே ஆசிரியர். வாரந்தோறும் முன்கதையை நினைவூட்டும் பத்திகளும், அத்தியாய முடிவில் வைக்கும் முடிச்சும் தொடருக்குத் தேவை. அவை கலையாமல் புத்தகத்துக்குள் வந்து குடியேறுவது நமக்குப் பழகிவிட்டது. எடிட்டிங் இல்லாததன் தடம் அது. அதை நடை என்று எண்ணிப் பின்பற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

புத்தக எடிட்டிங்கை ஒரு நெறியாக நடத்திக் காட்டியது 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம். அதை நடத்திய ராமகிருஷ்ணன் எழுத்தாளரோடு வரிவரியாகப் பேசித் திருத்துவார். இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் அங்கிருந்துதான் வந்தது. அந்த முறையின் பலம் பொறுமை. பலவீனமும் அதுதான். குறைந்த எண்ணிக்கையில்தான் புத்தகங்கள் வரும். ஒருவரின் காதையும் ரசனையையும் சார்ந்தே எல்லாம் நடக்கும். 2020இல் அவர் மறைந்தபோது எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று பலரும் வருந்தினார்கள். ஒரே மனிதரோடு ஒரு வேலைமுறை கரைந்துபோகும் நிலையில் நாம் இருப்பது எனக்கு அதைவிட வருத்தம்.

மற்ற பதிப்பகங்களில் நடப்பது பெரும்பாலும் மெய்ப்புப் பார்ப்பதுதான். ஒற்றுப்பிழை போகும், நாவலின் நடுப்பகுதி தொய்ந்து கிடப்பது போகாது. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். கைப்பிரதி நவம்பரில் வந்து, டிசம்பரில் அச்சுக்குப் போனால் யார் எதைத் திருத்துவது? தேவைக்கேற்ப நூறு பிரதி அச்சடிக்கும் வசதி வந்தபிறகு அவசரம் இன்னும் கூடிவிட்டது. எடிட்டருக்குத் தனியாகக் கொடுக்க நூறு பிரதிக் கணக்கில் பணமும் மிஞ்சாது.

இந்த அவசரத்தில் நடக்கும் திருத்தத்தில் முதலில் அடிபடுவது வட்டார வழக்கு. கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்திருக்கிறார் என்றால், பொது அகராதிகளுக்கு வெளியே எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த மண்ணின் பேச்சைக் கேட்டறியாத எடிட்டர் அதைப் பிழையென்று நினைப்பார். யாழ்ப்பாணப் பேச்சுக்கும் நாஞ்சில் நாட்டுப் பேச்சுக்கும் இதே கதிதான். ‘இது எனக்குப் புரியவில்லை, வாசகருக்குப் புரியுமா?’ என்று கேட்பது எடிட்டரின் கடமை. கேட்காமல் பொதுத்தமிழுக்கு மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்புவது அத்துமீறல்.

ஆகவே புதிதாக எழுதுகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எடிட்டரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், உங்களைப் புகழ வேண்டிய அவசியம் இல்லாத இரண்டு வாசகர்களிடமாவது கைப்பிரதியைக் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது என்று மட்டும் கேளுங்கள். எப்படிச் சரிசெய்வது என்று அவர்களைக் கேட்க வேண்டாம். அவர்கள் சுட்டிய இடத்தை ஒரு வாரம் கழித்து, சத்தமாகப் படித்துப் பாருங்கள். வாய் தானாகத் தாண்டிப்போனால் வெட்டுங்கள். தாண்ட மறுத்தால், அங்கே நீங்கள் இன்னும் சரியாகச் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை வெட்டாமல் திரும்ப எழுத வேண்டும். திருத்தங்கள் தெரியும்படியான கோப்பைப் பதிப்பகத்திடம் கேட்டு வாங்குங்கள், ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்.

பழைய வடிவங்களை அழிக்காதீர்கள். புதுமைப்பித்தனின் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்தபோது, பத்திரிகையில் வந்ததையும் நூலில் வந்ததையும் ஒப்பிட்டுப் பாடம் காண வேண்டியிருந்தது. இதழ்கள் எங்கோ மிஞ்சியிருந்ததால்தான் அது முடிந்தது. இன்று ஒரே கோப்பின்மேல் எழுதி எழுதிச் சேமிக்கிற நமக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பதிப்பகங்களிடம் கேட்கவும் ஒன்று உண்டு. புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கின்றன. எடிட் செய்தவரின் பெயரையும் அங்கே போடுங்கள். நாவல் நடுவில் தொய்ந்தால் விமர்சகர் அவரையும் கேள்வி கேட்கட்டும். ஒரு வட்டாரத்தின் பேச்சு காணாமல்போனால் அந்த ஊர் வாசகர் அவரிடம் விளக்கம் கேட்கட்டும்.