சுருள் எங்கே இருக்கிறது?

ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸில் ஃபோஸ்டால்பினே நிறுவனத்தின் கம்பி உருட்டாலை 2017-இல் உலகச் செய்தியானது. ஆண்டுக்கு 5 லட்சம் டன் கம்பி. உருட்டும் வேலைக்கு வெறும் 14 பேர். செய்தியைப் படித்தவர்கள் மனத்தில் 14 என்ற எண் மட்டும் தங்கிவிட்டது. சரக்கு அனுப்புதல், உள்போக்குவரத்து போன்ற துணைப் பணிகளில் அங்கே இன்னும் சுமார் 300 பேர் இருந்தார்கள் என்பதையும் அதே செய்தி சொன்னது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எஃகை உருட்டுவதைவிட, உருட்டியதை வைத்து எடுப்பதில்தான் மனிதக் கை அதிகம் தேவைப்படுகிறது.

உருட்டாலையில் பாதை ஒன்றுதான். கிடங்கில் அப்படியில்லை. தகடு உருட்டும் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள்: தகட்டுச் சுருள் ஒன்று 20, 25 டன் இருக்கும், பல நூறு டிகிரி சூட்டோடு வரும், ஆறுவதற்கே நாள்கணக்காகும். இரண்டு சுருள்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மூன்றாவதை உட்காரவைத்து அடுக்குவார்கள். கீழிருக்கும் ஒன்று வேண்டுமென்றால் மேலிருக்கும் இரண்டை நகர்த்த வேண்டும். அந்த இரண்டும் வேறெதன் தலைமீதோ போய் உட்காரும். நாளை அதன் அடியிலிருப்பதை எடுக்க மறுபடியும் தூக்க வேண்டும்.

25 டன் பொருள் தொலையுமா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். தொலையும். ஒட்டிய சீட்டு சூட்டில் கருகும். வரிசை எண் குறிப்பேட்டில் மாறி விழும். தானியங்கிக் கிரேன் இங்கேதான் தன் விலைக்குப் பதில் சொல்கிறது. இறக்கிவைக்கும் ஒவ்வொரு முறையும் லேசர் அளவி இடத்தைக் கணித்துப் பதிந்துவிடுகிறது. யாரும் எழுத வேண்டியதில்லை. அதைவிடப் பெரியது, சுருளைப் பிடிக்கும் இடுக்கியைச் சரிபார்க்கச் சுருள்களின் சந்தில் ஒரு மனிதர் நிற்க வேண்டியதில்லை. பணம் மிச்சமாகாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை ஆதரிப்பேன்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கிடங்கு நிரம்பிவிட்டால் நகர்த்திய சுருளை வைக்கக் காலியிடம் இருக்காது. கிரேனை யார் ஓட்டினாலும் வீண்தூக்கல் கூடத்தான் செய்யும். எந்தச் சுருள் முதலில் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கணினியால் அடுக்கைத் திட்டமிட முடியும். லாரிகள் நினைத்த நேரத்தில் வந்து நின்றால், உருட்டும் வரிசைக்கும் வாடிக்கையாளர் கேட்கும் வரிசைக்கும் தொடர்பே இல்லாவிட்டால், கோடிகளைக் கொட்டி வாங்கிய கிரேன் பழைய குழப்பத்தையே சளைக்காமல் இடம் மாற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு சுருளுக்கு ஒரு தட்டு என்ற உயரடுக்குக் கிடங்கு இந்த நகர்த்தலை ஒழிக்கிறது. ஜெர்மனியின் எஸ்எம்எஸ் குழுமம் 50 டன் வரையிலான சுருள்களுக்கு, 50 மீட்டர் உயரம் வரை எழும் அடுக்குகளை வடிவமைத்தது. அதே நுட்பத்தைத் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் 792 கொள்கலன் இடங்களோடு சோதித்தார்கள். அழகான தீர்வுதான். ஆனால் அடுக்குகளுக்கு நடுவிலுள்ள ஒரு சந்துக்குச் சுருளை ஏற்றி இறக்கும் இயந்திரம் ஒன்றே இருந்து அது பழுதானால், அந்தச் சந்திலுள்ள அத்தனை சரக்கும் சிறைப்பட்டுவிடும். பழைய கூடத்தில் பக்கத்துக் கிரேனாவது வந்து உதவும்.

பழைய ஆலைகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பல்லாண்டு பாரம் சுமந்து தூண் இறங்கியிருக்கும், கிரேன் ஓடும் தண்டவாளம் வளைந்திருக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் அதைக் கண்ணாலேயே ஈடுகட்டுவார். கட்டு அறுந்த சுருளையும், உட்சுற்று வெளியே துருத்திய சுருளையும் பார்த்த மாத்திரத்தில் மெதுவாகத் தூக்குவார். உணரி அந்தக் குறையைக் கண்டுபிடித்தாலும், கடைசியில் மனிதரைத்தான் கூப்பிடும். ஐந்தாண்டு கழித்துக் கூப்பிடும்போது அந்தக் கைத்திறன் உள்ளவர் எங்கே இருப்பார்? திட்ட அறிக்கைகளில் ஆள்குறைப்பு வரவாக எழுதப்படுகிறது. இந்த இழப்புக்கு அங்கே ஒரு பத்திகூட இருப்பதில்லை.

கிரேனுக்கு டெண்டர் விடுமுன், ஒரு சுருள் உருட்டாலையிலிருந்து லாரி ஏறும்வரை எத்தனை முறை தூக்கப்படுகிறது என்று ஒரு மாதம் எண்ணச் சொல்வேன். எண்ணும் வேலையைக் கிரேன் ஓட்டுநர்களிடமே கொடுக்கலாம். எந்தத் தூக்கல் வீண், அது எதனால் வந்தது என்று அவர்களால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும்.