பல்குரலும் கரைவலையும்

பலர் ஒரே வேளையில் வெவ்வேறு சுருதிகளிற் பாடி, அவ்வேறுபாடுகளின் பொருத்தத்தாலேயே ஒரு பாடலை ஆக்குவதைப் பல்குரலிசை என்கிறோம். இதனை ஐரோப்பியத் தேவாலயங்கள் உலகுக்கு அளித்த கொடை என்றும், ஒற்றைக் குரற் பாடலிலிருந்து இசை ஏறிச்சென்ற உயர்படி என்றும் இசை வரலாறுகள் நெடுங்காலம் கூறிவந்தன. நம்மவருள் ஒரு சாராரோ எதிர்முனையில் நின்று, இராக ஆலாபனையில் ஒரு குரல் எட்டும் நுட்பமே இசையின் முடிபு எனக் கருதுவர். பலர் கூடிப் பாடுவது அவர்களுக்கு வெறும் ஆரவாரம். இவ்விரு கொள்கைகளும் மேலோட்டமாக நோக்குமிடத்து முரண்பட்டவை. ஆயினும், உழைக்கும் மக்களின் பாட்டை இசையின் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன.

உலகின் பாட்டு மரபுகளை அறியுந்தோறும் இக்கொள்கைகள் சரிகின்றன. மத்திய ஆபிரிக்கக் காடுகளில் வேட்டையாடி வாழும் அக்கா மக்கள் இசையை எழுதிப் பயின்றவர்கள் அல்லர். தேவாலயத்திற் கற்றவர்களும் அல்லர். எனினும் அவர்களது பல்குரற் பாட்டின் சிக்கலான பின்னல் இசையறிஞரை வியக்கவைத்தது. 2003 இல் யுனெஸ்கோ அதனை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. ஜோர்ஜிய நாட்டின் பல்குரற் பாட்டு 2001 இலேயே அச்சிறப்பைப் பெற்றது. 1977 இல் விண்ணுக்கு ஏவப்பட்ட வொயேஜர் கலங்களின் இசைத்தட்டிலும் ஒரு ஜோர்ஜியப் பாடல் இடம்பெற்றது.

சிறப்புப் பட்டங்களைவிட நாம் கருதவேண்டியது பிறப்பிடம். மேற்கு ஜோர்ஜியாவில் உழவர்கள் கூலியின்றி ஒருவர் வயலில் மற்றவர் வந்து உழைக்கும் கூட்டு முறை ஒன்று இருந்தது. சோளவயலிற் களைகொத்தும் அக்கூட்டம் இரு அணியாகப் பிரிந்து மாறிமாறிப் பாடிய பாட்டே நாதுரி. நான்கு குரல்கள் இயையும் அப்பாட்டுப் பிறந்தது அரண்மனையிலன்று, மண்வெட்டி பிடித்த கைகளிடையே. ஒருவரையொருவர் இன்றியமையாதார் கூடிநின்ற இடத்திலே கூட்டுக்குரல் பிறந்தது என்பதே இதன் பொருள்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு நமது மன்னார்க் கரையை நோக்குவோம். கரைவலைத் தொழிலில், வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டு மீள, கரையில் இரு அணியினர் இரு கயிறுகளையும் பற்றி இழுப்பர். மடி கரைசேரும்வரை நீளும் உழைப்பு அது. ஒருவன் முந்தி இழுத்தாற் பயனில்லை. ஒருவன் சோர்ந்தால் வலை கோணும். இங்கே அம்பாப் பாடல் பொழுதுபோக்கன்று, தொழிற் கருவி. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏந்திப் பாடுவர். ஏற்போரின் குரல் ஓயுமுன்னரே முன்னவரின் அடுத்த அடி நுழையும். முதியவரின் கனத்த குரலும் இளைஞரின் உச்சக்குரலும் ஒருங்கே ஒலிக்கும்.

இதற்குப் 'பல்குரலிசை' எனப் பெயர்சூட்டிப் பெருமைகொள்ள நாம் விரும்பவில்லை. அம்பாவில் யாவரும் பாடுவது ஒரே மெட்டு. ஜோர்ஜியரது ஒத்திசை அங்கு இல்லை. அயலாரின் பெயரைக் கடன்வாங்கி நம் கலையை உயர்த்த முயல்வது தாழ்வு மனப்பான்மையின் இன்னொரு வடிவமே. நாதுரியையும் அம்பாவையும் உறவாக்குவது சுருதியன்று, உழைப்பு. அதேவேளை, அம்பாவை மகிழ்ச்சியான தொழிலாளரின் பாட்டு என வருணிக்கும் கற்பனாவாதிகளையும் மறுக்க வேண்டியுள்ளது. வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை; கயிறு இழுப்போனுக்குரியது பங்கின் ஒரு சிறு கூறு. பாட்டிலே எல்லாரும் சமம், பங்கிலே அவ்வாறன்று.

துயரமும் உழைப்பைப் போலவே மக்களைக் கூட்டுகிறது. இத்தாலியின் சார்டீனியாத் தீவிலுள்ள கரையோர ஊரான கஸ்டெல்சார்டோவில், கிறிஸ்துவின் பாடுகளை நினைவுகூரும் வாரத்தில் நான்கு ஆடவர் தோளோடு தோள் நெருங்கிநின்று பாடுவர். நால்வரின் குரலும் பிசகின்றி இயைந்தால், அவர்களுள் எவரும் பாடாத ஐந்தாங் குரலொன்று மேலே கேட்கும். குரல்களின் மேலொலிகள் ஒன்றுசேர்வதால் அது விளைகிறது என்பது விஞ்ஞானம். அன்னை மரியாளின் குரல் என்பது அவ்வூராரின் நம்பிக்கை. நமது கரையிலும் தவக்காலத்திற் பசாம் பாடும் வழக்கு உண்டு. 1658 இல் மன்னார் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. மறைவில் வாழ்ந்த அம்மக்களுக்கு, மனப்பாடமாய்க் கூடிப் பாடும் பாட்டு எத்துணைப் பற்றுக்கோடாய் இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

கூத்தின் நிலையும் சிந்தித்தற்குரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகங்களுள் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964 இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966 இலும் பதிப்பித்தார். ஏட்டிற் கிடந்தவற்றை அச்சேற்றிய அப்பணியின் பெறுமதியை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அச்சேறியது சொல் மட்டுமே. அண்ணாவியாரின் தாளத்துக்கு இயையப் பிற்பாட்டுக்காரர் எழுப்பும் கூட்டுக்குரல் எந்த நூலிலும் இல்லை. அவர்களின் பெயர்களைக்கூட நமது ஆய்வுகள் அரிதாகவே குறிக்கின்றன. இலக்கியத்தில் ஆசிரியனையும் அரங்கில் இராசாவையும் மட்டுமே காணும் பழைய பார்வை, முற்போக்குத் திறனாய்விலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வினாவை நாம் தவிர்க்கலாகாது. இக்கரையின் கூட்டுக்குரலில் யார் யார் இருந்தனர்? எருக்கலம்பிட்டியிலும் முசலிப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்கள், 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் யாவருடனும் சேர்த்துத் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். றபான் கொட்டிப் பாடிய பாட்டும் அவர்களோடு அகதி முகாம்களுக்குச் சென்றது. போர் 2009 இல் முடிந்தபின் பலர் மீண்டனர். இழந்த யாவும் மீளவில்லை. மன்னாரின் மக்கட் பாடல்களைத் தொகுக்கும் எவரும் இக்குரலை விட்டுவிட்டால், அத்தொகுப்பு அந்த வெளியேற்றத்தைக் காகிதத்தில் மீண்டும் நிகழ்த்துவதாகவே முடியும்.

பிற்காலத்திற் பல கரைகளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி வலையை இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. உள்ளங்கை கிழியாமல் மீன்பிடிக்க முடியுமாயின் அது நன்றே. ஆனால் அவ்வியந்திரம் யாருடையது, கயிற்றை விட்ட கைகளுக்கு வேறு தொழில் கிடைத்ததா என்ற வினாக்களுக்கு விடை வேண்டும். அம்பா அருகிவருவதற்காகக் கண்ணீர் விடுவோர் இவ்வினாக்களைக் கேட்பதில்லை. பாடசாலைப் போட்டி மேடையில் அதனை ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுகின்றனர். அங்கே சீருடை அணிந்த பிள்ளைகள் சுருதிப்பெட்டியோடு அழகாகப் பாடுகின்றனர். கையிலே கயிறு இல்லை. எதிரே பாரம் இல்லை.

மேடை வீண் என்பதல்ல நமது கருத்து. பழைய கூட்டுவேளாண்மை மறைந்தபின் நாதுரியும் பெரும்பாலும் பாடற்குழுக்களிடமே வாழ்கிறது. ஆனால் மேடைக்கு வரும் பாட்டுத் தன் வரலாற்றோடு வரவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் வாடிகளுக்குச் சென்று, கயிறு இழுத்த முதியோரைப் பாடச்செய்து பதிவுசெய்யட்டும். பாடியவரின் இசைவோடு அவர் பெயரையும், அவர் பெற்ற கூலியையும், அவர் இழந்த தொழிலையும் உடன் எழுதட்டும். 'பிழை' திருத்தாமல், எல்லாச் சமயத்தாரின் ஊர்களுக்கும் செல்லட்டும். உலகின் பல்குரற் பாடல்களை வகுப்பறையில் ஒலிக்கச் செய்து, அவற்றினருகே நம் கரையின் பாட்டையும் வைக்கட்டும். உழைப்போரின் வாழ்வுரிமைக்காக நிற்பதும் அவர்களின் பாட்டைக் காப்பதும் இருவேறு பணிகளல்ல என்பது அப்போது மாணவருக்கு நாம் சொல்லாமலே விளங்கும்.